ரெண்டு புள்ளி

“இன்னைக்கும் ரெண்டு புள்ளி வந்துச்சுன்னா அடுப்பை ஊட்டுக்கே தூக்கிட்டுப் போயிர்றேன் அருளு. ஊட்டுக்காரம்மா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாங்க.”

சொல்லிவிட்டுப் பேராசிரியர் ரங்கராஜ் வகுப்புக்குப் போனார். அவரிடம் ஆய்வு மாணவனான அருள்குமாருக்குச் சுருக்கென்றது. பாவம் மனுஷர்! மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பை, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தவர். எண்ணெய்ச் சட்டியில் எட்டு மணி நேரம் கொதிக்கவேண்டிய கரைசல் இதில் நாலே நிமிடத்தில் தயார். சோதனைத் தட்டில் ஒரே புள்ளி தெரிந்தால், வேண்டிய பொருள் மட்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு நிமிடம் விட்டாலோ வேண்டாததும் சேர்ந்து ரெண்டு புள்ளி.

ஒரு மாதமாக ஆறு நிமிடம் வைத்துக் கெடுத்ததே அருள்தான்.

பின்னே? அந்த எட்டு மணி நேரம் எப்பேர்ப்பட்டது! ஆவியைக் குளிரவைக்க ஓடும் சிறுவாணித் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாயைப் பார்க்க ஒருவர், குடுவையைப் பார்க்க ஒருவர். இரண்டு வருடமாக, கூட ஆய்வு செய்யும் லோகப்பிரியாவும் அவனும் அப்படி உட்கார்ந்து பேசாத பேச்சா? சோமனூரில் அவள் அப்பாவின் தறிச் சத்தம், ஹாஸ்டல் உப்புமா, பாதியாகப் பிட்டுத் தின்ற தேங்காய் பன்... இந்த அடுப்பு ஜெயித்துவிட்டால் அதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த மனுஷரை இனியும் ஏமாற்ற மனசு வரவில்லை. கரைசலை அடுப்புக்குள் வைத்து, குமிழை நாலுக்குத் திருப்பினான்.

“பாத்துக்கோங்க லோகா. தட்டு எடுத்துட்டு வாரேன்.”

“செரிங்க.”

அவன் திரும்பி வந்தபோது அடுப்பு மணியடித்து ஓய்ந்திருந்தது. ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் வைத்தான். சிறிது நேரம் கழித்து விளக்கடியில் பார்த்தான்.

ரெண்டு புள்ளி!

“ஐயோ, நான் நாலுலதானுங்க வெச்சேன்!” என்று தன்னை மறந்து கத்தினான்.

லோகப்பிரியா பழைய எண்ணெய்ச் சட்டியைத் துடைத்து ஹீட்டரின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியுமுங்க. இத்தனை நாளும் நீங்களே ஆறு வெச்சீங்க, நான் சும்மா இருந்தேன். இன்னைக்கு நாலு வெச்சுப்போட்டீங்க. அதான், நான் ஆறுக்குத் திருப்பிட்டேன்.”