துணைக்கு இருந்தவள்

கழிவறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சுவரோடு ஒட்டி நின்று, செண்பகம் உள்ளிருந்து வரும் சத்தத்தைக் கவனித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் நர்ஸ் அப்பாவின் மூத்திர டியூபை உருவி எடுத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் தானாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் டியூப்.

"வருதாப்பா?"

கதவில் லேசாகத் தட்டினாள்.

"பைப்பக் கொஞ்சம் தொறந்து விடுங்க. தண்ணி விழுத சத்தம் கேட்டா வருமாம்."

வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. அப்பா முனகினார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஊரிலிருந்து எதிர்வீட்டு மரகதம் அத்தைதான் அவளுக்குப் போன் செய்தாள். உங்கப்பாவுக்கு மூத்திரம் அடைச்சுப் போச்சு, வயிறு உப்பி, தரையில கெடந்து உருளுதாரு. தம்பி கணபதி புனேயில் இருந்தான். செண்பகம் நாகர்கோவிலில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வேறு சாதியில் கட்டிக்கொண்ட பிறகு அவள் ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அம்மா செத்தபோது.

தெருமுனையிலேயே கணபதி மறித்தான். "இவ வாசலுக்கு வந்தா நான் கொள்ளி வைக்க மாட்டேன்" என்று அப்பாவிடம் கத்தினான்.

அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தார்.

போ.

அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூத்திரப் பையை அவள்தான் கொட்டினாள். முதல் தடவை கொட்டியபோது அவர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். போர்வைக்குள் அழுகிறார் என்று தெரிந்தது. தெரியாததுபோல் பையைக் கழுவப் போனாள்.

ப்ராஸ்டேட் வீங்கிப் பாதையை அடைக்கிறது, புற்று இல்லை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, டியூபை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அடைத்தது.

"ஆபரேஷன் பண்ணிடலாம். வெளியில வெட்டு இருக்காது. இல்லன்னா டியூபோடதான் இருக்கணும், அப்பப்ப மாத்திக்கிட்டு."

கணபதி போனில் சொன்னான். "இந்த வயசுல எதுக்குப்பா கத்தி? டியூபோட இருங்க. லீவு கெடச்சா வாரேன்."

அன்று முழுக்க அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, அவள் வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், வாயைத் திறந்தார்.

"நீ என்ன சொல்லுத?"



"பண்ணிருவோம்பா."

"செத்துப் போயிட்டேன்னா?"

"நான் இருக்கேன்லா."

ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை அவர் அவள் விரல்களை விடவில்லை. நூல் மில்லில் ஒரு ஷிப்டையே அதட்டி வேலை வாங்கிய மேஸ்திரியின் கை. 

கழிவறைக்குள் பைப்பை மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ சொட்டியது.

அவள் மூச்சைப் பிடித்தாள்.

நின்றுவிட்டது. மறுபடி சொட்டியது. பிறகு மெலிதாக, விட்டு விட்டு. பிறகு விடாமல்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அழுதாள் போல.

அப்பா சுவரைப் பிடித்து வெளியே வந்தார். வேட்டி நனைந்திருந்தது. முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது.

"போயிட்டும்மா."

அம்மா என்று கூப்பிட்டார்.

மாற்று வேட்டியை எடுத்தாள். அதற்குள் அப்பாவின் போன் அடித்தது. கணபதி. அப்பாவின் கை ஈரம். அவளே ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"டியூப எடுத்தாச்சாப்பா?"

"எடுத்தாச்சு. போயிட்டு. நல்லாப் போயிட்டு."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. சரி, கூட யாரு இருக்கா?"

அப்பா அவளை ஏறிட்டார். அவசரமாகப் பார்வையை விலக்கினார்.

"ஆஸ்பத்திரியில ஏற்பாடு பண்ணிக் குடுத்த பொம்பள. துணைக்கு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள்.

"நல்லாப் பாக்காளா?"

"ம்."

"அவகிட்ட குடுங்க. ஏம்மா, கேக்குதா? வீட்டுக்குப் போயும் ஒரு வாரம் கூட இருந்து பாத்துக்கிடணும். சரியா?"

அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான்.

அப்பாவின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"சரிங்கய்யா," என்றாள்.

மறுமுனையில் சத்தம் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா." கணபதியின் குரல் மாறியிருந்தது. "அந்தப் பொம்பளைய ஆஸ்பத்திரியிலேருந்தே அனுப்பிருங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம்."

அப்பா கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"கேக்குதாப்பா?"

உதடுகள் அசைந்தன. குரல் எழும்பவில்லை.

செண்பகம் குனிந்து, போனை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"சரிய்யா," என்றார்.