அணில் எழுதிய இரண்டாவது கதை

காட்டுப் பள்ளியில் படித்த அணில், தான் எழுதுவதை மைனாவிடம் மட்டும்தான் காட்டும். இரண்டும் ஒரே வகுப்பு, உயிர்த்தோழிகள்.

வெள்ளம் அடித்துக்கொண்டு போன தன் தம்பியைப் பற்றி அணில் ஒரு கதை எழுதியது. மைனா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யார்கிட்டயும் காட்டிடாத, சிரிப்பாங்க" என்றது. அணில் நம்பிவிட்டது. திருத்தித் திருத்தி எழுதி மைனாவிடமே கொடுத்து வைத்தது.

ஆண்டுவிழாவில் மைனா மேடையேறி, அதைத் தன் கதை என்று வாசித்தது. தம்பியின் பிடி நழுவிய இடத்தில் யானைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அது நான் எழுதினது" என்றது அணில்.

"நீயா? நீ எழுதி நாங்க பாத்ததே இல்லையே" என்றது பக்கத்தில் இருந்த முயல்.

அணில் பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போனது. ஆனால் ஒன்று மட்டும் மனதில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, அழுதார்கள். அந்தத் தெம்பில் அது புதிதாக ஒரு கதை எழுதியது. தம்பியைத் தேடி அம்மா ஆற்றங்கரையில் அலைந்த கதை. அதை மைனாவிடம் காட்டவில்லை. மறுவாரம் வகுப்பில் தானே எழுந்து வாசித்தது. முதல் வரியில் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவே இல்லை.

முடித்ததும் ஆசிரியர் கரடி முகம் மலர்ந்தார். "அடடே! அப்படியே மைனாவோட நடை! இன்னும் கொஞ்சம் பழகினா அவளை மாதிரியே எழுதலாம்."

வகுப்பே கைதட்டியது. மைனா எழுந்து வந்து அணிலை அணைத்துக்கொண்டது.

"என்கிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாம்ல? திருத்திக் குடுத்திருப்பேனே" என்றது.