கடைசி வரி

மகள் நறுமுகை கை வைத்ததும், கிரீம் டப்பா அவள் தோலைப் படித்து, அதற்குத் தேவையானதைக் கலந்து, மூடியில் பட்டியலைக் காட்டியது. அதிகம் உள்ளது மேலே, குறைவானது கீழே.

முதலில் சூரியகாந்தி எண்ணெய். இரண்டாவது வைட்டமின் ஈ.

செழியன் இரண்டாவது வரியை மறுபடி படித்தான். எண்ணெயில் சிக்கு வாடை வராமலிருக்கச் சேர்க்கும் ஒரு சொட்டு அது. வழக்கமாகக் கடைசி வரியில்தான் இருக்கும். போன வருடம் மனைவி தாட்சாயணியின் டப்பாவில் அது வாரத்துக்கு ஒரு வரி மேலே ஏறியது. "என் தோலுக்கு புரமோஷன்டா," என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவளுடைய நோய் டாக்டருக்கு முன்பே டப்பாவுக்குத் தெரிந்திருந்தது. முதல் வரிக்கு அது வந்த மாதம் அவள் இறந்தாள்.

"பாப்பா, கையில வேற ஏதாச்சும் பூசினியா?"

"அம்மாவோட கிரீம்பா. வாசனைக்கு. காலி பண்ணிட்டேன், திட்டாதே."

டப்பா படித்தது அந்தப் பூச்சைத்தான் என்று போன உயிர் திரும்பியது. சோப்புப் போட்டு அவள் கையை மூன்று முறை கழுவித் துடைத்து, மறுபடி மூடியில் வைத்தான்.

"வலிக்குதுப்பா. ஏன் இப்படி அழுத்தற?"

பட்டியல் வந்தது. கீழிருந்து படித்தான். கடைசி வரியில் ரோஸ்மேரிச் சாறு இருந்தது. வைட்டமின் ஈ அதற்கு மேலே, ஒரே ஒரு வரி ஏறியிருந்தது.