டிஸ்கில் இடமில்லை

பத்து மணிக்கு வந்த போன் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அதை வைத்தபோது முதலாளிக்குச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. எடையளவு அலுவலகத்தில் அவருக்கு வேண்டப்பட்ட குமாஸ்தா ஒருவர் இருந்தார். பன்னிரண்டு மணிக்குள் சோதனைக்கு ஆள் வருகிறது, சர்வரைத் தூக்கப் போகிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

கடைத் தராசுகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது முதலாளியின் தொழில். நானூறு கடைகளில் அது ஓடியது. அதில் இரண்டு ரகம். ஒன்று ஒழுங்காக நிறுக்கும். இன்னொன்று, கடைக்காரர் ஒரு பொத்தானை இரண்டு தடவை தட்டினால் கிலோவுக்கு நாற்பது கிராம் கூட்டிக் காட்டும். விலை கூடுதல் என்றாலும் இரண்டாவதுதான் சுடச்சுட விற்றது.

அதை எழுதியவன் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. அவன் நாற்காலியில் இப்போது இருப்பவளுக்கு ஆபீசில் அமுக்குணி என்று பெயர். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே அந்த நாற்பது கிராமைக் கண்டுபிடித்து முதலாளி முன் வந்து நின்றாள். முன்னால் இருந்தவன் செய்தது, நீ கண்டுகொள்ளாதே என்றார் அவர். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பிழைக்கத் தெரிந்த பெண் என்று அவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

இப்போது அவள் மேஜைக்கு ஓடிப் போய், சர்வரில் இருக்கும் அத்தனையையும் உடனே துடைத்துவிடச் சொன்னார்.

அமுக்குணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "மொத்தமா துடைச்சிட்டா நாளைக்கு விக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது சார். நல்ல ரகத்த மட்டும் என் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கிட்டு, அப்புறம் துடைக்கலாம். ஆனா இதுல இடமில்ல."

"எவ்வளவு வேணும்?"

"நூத்தியெண்பது ஜிபி. இருக்கறது மூணு."

புது டிஸ்க் கேட்டு அவள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் அவர் மேஜை டிராயரில்தான் கிடந்தன. அந்தப் பேச்சை எடுக்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் பழைய பில்டுகள். புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் ஒரு மூட்டை கட்டிப் போட்டுவிடுமாம். மூன்று வருஷ மூட்டைகள் பிரிப்பார் இல்லாமல் கிடந்தன. அவை போனதும் நாற்பது ஜிபி காலி. அடுத்து, இணையத்திலிருந்து இறக்கிய துணைக் கோப்புகள். ஒரே சாமான் பதினான்கு ஃபோல்டரில் பதினான்கு பிரதியாக இருந்தது. ஒரு வீட்டுக்கு எதற்கம்மா பதினாலு துடைப்பம் என்று முதலாளி சலித்துக்கொண்டார். சோதனைக்காக அவள் கம்ப்யூட்டருக்குள்ளேயே பத்து போலி போன்கள் வைத்திருந்தாள். இரண்டு போனாவது இருக்கட்டுமே என்று அவள் தயங்க, அவரே மவுஸை வாங்கிப் பத்தையும் தூக்கினார். திரையில் காலி இடத்தின் எண் ஏற ஏற அவருக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் எண் நின்றுவிட்டது. மணி பதினொன்று.

அமுக்குணி அங்கே இங்கே துழாவிவிட்டு, எழுபது ஜிபிக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் அதைத் தொடக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்றாள். மேனேஜர் என்பது முதலாளியின் மச்சான். திறந்து பார்த்தால் கால்பந்து விளையாட்டு. ஆபீசிலேயே வேகமான கம்ப்யூட்டர் இதுதான் என்பதால், அவள் வீட்டுக்குப் போன பிறகு மச்சான் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாராம்.

மச்சானைக் கூப்பிட்டார்கள். ரொம்பக் கஷ்டப்பட்டு அரையிறுதிவரை வந்திருப்பதாக அவர் இழுத்தார்.

"நானே உள்ள போகப் போறேன், உனக்கு அரையிறுதி கேக்குதா?" என்று சொல்லி முதலாளி தன் கையாலேயே அதை அழித்தார். குப்பைத் தொட்டியையும் கொட்டினால்தான் இடம் சேரும் என்று அமுக்குணி நினைவுபடுத்தினாள். கொட்டினார். நூற்றெண்பத்திரண்டு.

அவள் இறக்க ஆரம்பித்தாள். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. முதலாளி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். நடுநடுவே நின்று, புது டிஸ்க் என்ன, சம்பளமே உயர்த்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பதினொன்று ஐம்பதுக்குக் கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

சர்வரைத் துடைக்கும் கட்டளையை அவள் தட்டி வைத்தாள். என்டரை மட்டும் நீங்கள் அழுத்துங்கள், உங்கள் சொத்து என்றாள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. அழுத்தினார். எட்டு வருஷச் சரக்கு கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரியம்மா அடையாள அட்டையைக் காட்டினார். முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்று, சர்வர் இருந்த அலமாரியைத் தானே திறந்துவிட்டார். கடுகளவு தப்பு இருந்தாலும் தன்னைக் கேட்கலாம் என்றார்.

அதிகாரியம்மா அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அமுக்குணியின் மேஜைக்குப் போனார்.

"நேத்து போன்ல இடமில்லன்னு வருத்தப்பட்டியேம்மா, ரெண்டு ரகமும் முழுசா இறங்கிடுச்சா?"