நாளைக்குத் தனியா வாங்க

"இது வேண்டாம் சார். இன்னைக்கு எதுவுமே வாங்காதீங்க. நாளைக்குத் தனியா வாங்க."

கடைக்காரப் பையன் இல்லை அவர்; நாற்பதைத் தொட்ட, கண்ணாடி போட்ட விற்பனையாளர். அவர் அப்படிச் சொன்னதும் தையல்காரருக்குச் சுருக்கென்றது.

பக்கத்தில் புது மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டே மாதம். மாமனார் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறவர் என்று தெரிந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். "அந்தப் பழைய இயர்போனைத் தூக்கிப் போடுங்க மாமா. என் செலவுல நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்."

பழையதில் நான்கு நாளாகச் சத்தமும் சரியாக இல்லை. சரி என்று கிளம்பிவிட்டார்.

கடையில் மூன்று ஜோடி மாட்டிப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். விற்பனையாளர் ரப்பரை மாற்றினார், இடம் வலம் மாற்றி மாட்டச் சொன்னார், பாட்டை மாற்றினார். பிறகு தையல்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் இந்தப் பேச்சு.

"ஏன், எங்களைப் பார்த்தா வாங்கற மூஞ்சியா தெரியலையா?" என்றார் தையல்காரர்.

"ஐயோ, அப்படி இல்ல சார்..."

"விலை எவ்வளவா இருந்தாலும் பரவாயில்லைங்க," என்றார் மாப்பிள்ளை.

"விலைக்காகச் சொல்லலை சார்."

"பின்னே எதுக்காக?"

விற்பனையாளர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்குக் காலையிலயே வந்துடுங்க சார். தள்ளிப் போடாதீங்க."

தையல்காரருக்குப் பொறுமை பறந்தது. நேரே கல்லாவுக்குப் போனார்.

"என்ன ஆள் வெச்சிருக்கீங்க முதலாளி? வீட்டு மாப்பிள்ளையோட வந்திருக்கேன், தனியா வான்னு கூப்பிடறார். திருட்டுச் சரக்கு ஏதாவது தள்ளிவிடப் பார்க்கறாரா? இப்படிப்பட்டவரை வெச்சிருந்தா இந்தப் பக்கம் எவன் வருவான்?"

கடையே திரும்பிப் பார்த்தது.

முதலாளி பதறி எழுந்து, இருப்பதிலேயே உசத்தியான ஜோடியைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார்.

"நல்லாக் கேட்டீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, வெளியே வந்ததும். தையல்காரர் நிமிர்ந்து நடந்தார்.

மூன்று வாரம் கழித்து அதே ஜோடியோடு மறுபடி கடைக்கு வந்தார். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூசித்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தார்.

"உசத்தின்னு கொடுத்தீங்க முதலாளி. இடது பக்கம் சுத்தமா வேலை செய்யலை."

முதலாளி அதை வாங்கித் தன் காதில் வைத்தார். "கணீர்னு கேக்குதே சார்!"

இடது பக்கத்துக்கானதையே தையல்காரருடைய வலது காதில் வைத்தார். பாட்டு பளிச்சென்று விழுந்தது.

அதையே இடது காதுக்கு மாற்றினார். ஒன்றும் கேட்கவில்லை.

தையல்காரர் கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டார். முதலாளியின் முகமும் கறுத்துவிட்டது.

"அன்னைக்கு இருந்தாரே ஒருத்தர்... அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"நீங்க அவ்வளவு சத்தம் போட்டீங்களேன்னு அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டேன் சார். இப்ப எங்க இருக்கார்னு தெரியலை."

"போகும்போது ஏதாவது சொன்னாரா?"

முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சொன்னார் சார். நான்தான் சாக்குச் சொல்றார்னு நினைச்சுட்டேன். 'அவருக்கு ஒரு காது கேக்காம போயிட்டு வருது முதலாளி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. உடனே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா திரும்பக் கேட்டிருக்கும்னாங்க. புது மாப்பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, உங்க காதுலதான் கோளாறுன்னு ஒரு பெரிய மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?'ன்னார்."