பூமாரி வைத்த டெய்சி

அந்தச் செடி பூமாரி வைத்ததுதான் என்று சாந்தம்மாள் சொல்வதில் வீரபாண்டிக்கு நாலைந்து வருஷமாகவே சந்தேகம். கேட்கத்தான் பயம். கேட்டு, இல்லையென்று ஆகிவிட்டால்?

பூமாரி அவருடைய முதல் மனைவி. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை பார்த்தவள். துரைசானி கொடுத்த டெய்சி நாற்றை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் வீட்டு வாசலில் நட்டாள். மணமில்லாத பூ. சாமிக்கும் ஆகாது, சரம் தொடுக்கவும் ஆகாது. அவள் மட்டும் ஒன்றைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொண்டு சிரிப்பாள். நட்ட வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள்.

அடுத்த சித்திரையில் சாந்தம்மாள் இரண்டாம் தாரமாக வந்தாள். வந்த அன்றே வீரபாண்டி சொன்னார்.

"வீட்டுல எதை வேணா மாத்திக்க. அந்தச் செடி மட்டும் இருக்கட்டும்."

இருந்தது. ஆனால் வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை தொடங்கியதும், கொழுந்தெடுக்கையில் போர்த்திக்கொள்ளும் கோணிச் சாக்குகளில் ஒன்றை எடுத்துச் செடியை மூடிவிடுவாள். ஆவணி வரை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. அவரும்தான்.

"மூத்தாளை எப்படி மூடி வச்சிருக்கா பாரு," என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். வீரபாண்டிக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பூத்த பூக்கள் எப்போதும்போல் வெள்ளையாக இல்லை. இதழ் ஓரமெல்லாம் ரோஸ்.

"என்ன சாந்தா, நிறம் மாறியிருக்கு?"

"மழைத்தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ." அவள் நிமிரவில்லை. "செடி அக்கா வச்சதுதான்."

மறுநாள் பங்களாவுக்கு ஒரு வேலையாகப் போனார். படிக்கட்டோரம் முழுக்க அதே ரோஸ் ஓரம். புது விதை ஊட்டியிலிருந்து வந்ததாகத் தோட்டக்காரர் நல்லதம்பி பெருமையாகச் சொன்னார். இந்த மலை மழையில் வேர் அழுகிவிடுமாம், ஒரு மழையைத் தாண்டினாலே அதிசயமாம். வருஷா வருஷம் புது நாற்றுதானாம்.

வீரபாண்டி மெதுவாக வீட்டுக்கு நடந்தார்.

சாந்தம்மாள் செடியருகே குத்தவைத்து, வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பூவைக்கூட அவள் காதோரம் வைத்து அவர் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாந்தா, பூமாரி வச்ச செடி எந்த மழையில செத்துச்சு?"