இரைச்சல் இல்லாத ஐ.சி.

நைரோபியின் லுதுலி அவென்யூவில், உதிரிபாகக் கடையின் கண்ணாடி மேசைமேல் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. வெளியே மட்டாட்டு வண்டிகளின் ஹாரன் ஓயவில்லை. முசெம்பி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறக்கிறார். உள்ளே, ரேடியோவில் ஒலியைப் பெருக்க அவர் போன வாரம் வாங்கிப்போன எட்டுக் கால் ஆப் ஆம்ப் ஐ.சி. கறுப்பு ஸ்பாஞ்சில் கால் வளையாமல் குத்தி நிற்கிறது.

"என்னண்ணே, போயிடுச்சா?" கடைக்காரி வங்கெசி சால்டரிங் அயர்னைக் கீழே வைக்கிறாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு. பழைய மாதிரியே ஒண்ணு குடு."

"ரேடியோ ராப்பகலா பேட்டரியில ஓடணும், உங்க தம்பி குரல் எவ்வளவு மெல்லிசா வந்தாலும் கேக்கணும்னு நீங்கதானே தேடித் தேடி எடுத்தீங்க? கரண்டும் கம்மி, இரைச்சலும் கிடையாது. ஊரே இரைச்சல் வேணாம்னு வருது, நீங்க இரைச்சல் கேட்டு வர்றீங்களே!" அவள் சிரிக்கிறாள்.

அவர் சிரிக்கவில்லை. விரல் தீப்பெட்டியை மூடுகிறது, திறக்கிறது.

"துர்கானா ஏரிக்குப் போன தம்பி படகு கரை திரும்பலைம்மா. படகுல அவனும் பேசுற ரேடியோ வச்சிருந்தான். பழைய ஐ.சி. போட்டிருந்தப்ப ஒரே இரைச்சல். அவன் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான், எனக்குத்தான் காதுல விழலைன்னு நினைச்சுக்குவேன்." அவர் தீப்பெட்டியை அவள் பக்கம் தள்ளுகிறார். "இதுல யாருமே இல்லைன்னு நல்லாத் தெரியுது."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்குகிறது. பழைய ஐ.சி.க்கள் கிடக்கும் தகர டப்பாவை மேசைமேல் கவிழ்க்கிறாள். பிறகு, இருப்பதிலேயே அதிகமாக இரைவது எது என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறாள்.